எண்ணுக்கு உருவம் தந்த உளி

ஒரு மனிதன் நிற்கிறான். முகத்திலே கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கறுத்த உருவம், இரு கைகளும் கால்சட்டைப் பைக்குள் புதைந்து கிடக்கின்றன. அவ்வளவே படம். அவன் அழவில்லை, கையேந்தவில்லை, கந்தல் உடுத்தவும் இல்லை. ஆயினும், பார்த்த மாத்திரத்தில் அவன் யார் என்பது விளங்கிவிடுகிறது. வேலையற்றவன்! உழைக்க வேண்டிய கைகள் ஓய்ந்து கிடக்கும் கொடுமையை, அந்தப் பை சொல்லிவிடுகிறது. இவ்வுருவைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் ஜெர்மானிய ஓவியர்.

ஓவியர் என்றதும் மன்னனின் மணிமுடியும், மங்கையின் புன்னகையும், மாலைநேரத்து வானமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆர்ன்ட்சோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் புள்ளிவிவரத்துக்குச் செலவிட்டார். ஏறத்தாழ 4000 குறியுருவங்களைப் படைத்தார். "கணக்கெழுதும் வேலை கலையாகுமோ?" என்று கேட்பார் உளர். ஆகும் என்பதே நம் துணிபு. அதே நேரத்தில், அக்கலையின் குறையை மறைத்துவிட்டுப் புகழ்மாலை சூட்டவும் நாம் விரும்பவில்லை. நிறையையும் குறையையும் ஒருசேரக் காண்போம்.

1900ஆம் ஆண்டில், ரெம்ஷைட் என்னும் ஊரிலே, தொழில் நடத்தும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ஆர்ன்ட்ஸ். முதல் உலகப் போர் ஓய்ந்து, பசியும் புரட்சியும் ஜெர்மனியை உலுக்கிய நாட்களில் அவர் வாலிபர். வீட்டிலிருந்த செல்வம் அவர் உள்ளத்தை விலைக்கு வாங்கிவிடவில்லை. தொழிலாளர் பக்கமே நின்றார். டுசல்டார்ப் நகரில் ஓவியம் பயின்றவர், மரச்செதுக்கு முறையைத் தமக்குரியதாக்கிக் கொண்டார். தூரிகை தீட்டும் ஓவியம் ஒன்றே ஒன்று. அது செல்வன் வீட்டுச் சுவரைத் தேடிப் போய்விடும். மரத்தில் செதுக்கி மை பூசி அழுத்தினாலோ, எத்தனை படிகள் வேண்டுமாயினும் எடுக்கலாம். ஏழையின் கைக்கும் அது எட்டும்.

கோலோன் நகரத்து ஓவியர்களான பிரான்ட்ஸ் சைவர்ட், ஹைன்ரிஹ் ஹோர்ல ஆகியோரின் தோழமை அவருக்குக் கிடைத்தது. ஒருவனுடைய தனி முகத்தைவிட, சமுதாயத்தில் அவன் நிற்கும் இடத்தைக் காட்டுவதே ஓவியத்தின் கடமை என்பது அக்குழுவின் நோக்கு. அந்த நோக்கிலே விளைந்தது, 1927இல் வெளிவந்த 'காலத்தின் பன்னிரண்டு வீடுகள்' என்னும் படவரிசை. தொழிற்சாலை, சிறை, படைவீரர் கொட்டடி, வாடகைக் குடியிருப்பு எனக் கட்டடம் கட்டடமாக எடுத்துக்கொள்கிறார். உள்ளே எவன் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறான் என்பதைக் கறுப்பிலும் வெளுப்பிலும் காட்டிவிடுகிறார்.

இந்த உளியின் ஆற்றலை உணர்ந்து அழைத்தவர் ஓட்டோ நாய்ராத். யார் அவர்? சரிபார்க்க முடியாத சொல்லடுக்கை அறிவு என்று ஏற்க மறுத்த வியன்னா அறிஞர் வட்டத்தின் முன்னணிச் சிந்தனையாளர். பொருளியல் கற்றவர். சிறுவனாய் இருந்தபோதே எகிப்தியச் சுவரோவியங்களில் மனம் பறிகொடுத்தவர். ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தியன் படத்தாலே பேசினான் எனில், இன்றைய தொழிலாளிக்கு இன்றைய உலகைப் படத்தாலே உணர்த்த இயலாதா என்று எண்ணினார். 1925இல் வியன்னா நகராட்சியின் துணையுடன் சமுதாய, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பழங்கால மன்னரின் வாளையும் வட்டிலையும் அடுக்கிவைக்கும் இடமன்று அது. வீடு எத்தனை கட்டப்பட்டது, குழந்தைகள் எத்தனை பேர் மாண்டனர், வேலையற்றோர் எத்தனை பேர் என்பனவற்றை மக்கள் முன் வைத்த மன்றம். 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைத் தொழிலாளருக்குக் கட்டித்தந்த நகரம் வியன்னா. வரிப்பணம் என்னவாயிற்று என்று அறியும் உரிமை வரி கட்டியவனுக்கு உண்டன்றோ?

1929இல் ஆர்ன்ட்ஸ் வியன்னாவில் குடியேறினார். அங்கே வேலை நடந்த முறையே ஒரு பாடம். புள்ளியியலார் எண்களைத் திரட்டுவர். அந்த எண்களுள் எது மக்கள் அறிய வேண்டியது, அதை எவ்வாறு அடுக்கினால் உண்மை விளங்கும் என்று ஆய்ந்து படத்திட்டம் வகுப்பவர் மேரி ரைடமைஸ்டர் என்னும் பெண்மணி. பின்னாளில் நாய்ராத்தின் மனைவியானவர். 'ஐசோடைப்' என்று இம்முறைக்கு 1935இல் பெயர் சூட்டியவரும் அவரே. திட்டம் முடிந்தபின் ஆர்ன்ட்ஸ் லினோலியத்தில் உருவைச் செதுக்குவார். ஒரு முறை செதுக்கிய உருவை எத்தனை முறையும் அச்சிடலாம். ஆயிரமாவது மனிதனும் முதல் மனிதனைப் போலவே இருப்பான்.

அவர்கள் கடைப்பிடித்த விதி ஒன்றை நம் இளைஞர்கள் கருத்திலே பதித்தல் வேண்டும். ஓர் ஊரில் வேலையற்றோர் 10,000 பேர்; மற்றோர் ஊரில் 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பத்திரிகைப் படம் என்ன செய்யும்? இரண்டாம் ஊருக்கு இரு மடங்கு உயரமான மனிதனை வரையும். உயரம் இரு மடங்கானால் அகலமும் இரு மடங்காகும். தாளிலே அவன் அடைக்கும் பரப்போ நான்கு மடங்கு! எண் சொல்வது இரண்டு. கண் காண்பது நான்கு. இது பொய். ஐசோடைப் முறையிலோ உருவம் பெரிதாவதில்லை, எண்ணிக்கைதான் கூடும். முதல் ஊருக்கு ஒருவன் எனில், அடுத்த ஊருக்கு இருவர். எழுதப் படிக்கத் தெரியாதவனும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். சரிபார்க்கும் உரிமையைப் பாமரனிடம் ஒப்படைத்த பின்னர், அறிவு ஒரு சிலரின் தனிச்சொத்தாக இருக்க முடியாது. இம்முறையின் அழகும் அறமும் இங்கேதான் இருக்கின்றன. 1930இல் வெளிவந்த 'சமுதாயமும் பொருளாதாரமும்' என்னும் தொகுப்பின் 100 படங்களும் இதற்குச் சான்று.

இனிக் குறைக்கு வருவோம். அதே தொகுப்பிலே உலக மக்கட்கூட்டங்களைக் காட்டும் படமும் உண்டு. அங்கே ஒரு கூட்டத்துக்குக் கூம்புத் தொப்பி, ஒரு கூட்டத்துக்குத் தலைப்பாகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எண்ணிலே இம்மியளவு பிழையும் பொறுக்காதவர்கள், மனிதரை இனவாரியாகப் பிரித்து, தலைக்கு ஒரு குல்லா மாட்டிவிட்டார்கள். தலைப்பாகை கட்டியவன்தான் கிழக்கத்தியனா? ஆலையிலே, பள்ளியிலே, அச்சகத்திலே வெறுந்தலையுடன் உழைக்கும் கோடிக்கணக்கானவர் கணக்கில் எங்கே? எண் சரியாக இருந்தும் உருவம் தவறலாம் என்பதற்கு இப்படமே எடுத்துக்காட்டு. நோக்கம் நல்லதாயினும், ஐரோப்பியக் கண்ணாடியைக் கழற்றாமலே உலகைப் பார்த்துவிட்டனர்.

இக்குறைக்கு மருந்தையும் அக்குழுவினரே கண்டனர் என்பது நமக்கு ஆறுதல். நாய்ராத் 1945இல் மறைந்தார். பின்னர், 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகக் கல்வி, நலவாழ்வு, வேளாண்மை பற்றிய சிறு நூல்களை உருவாக்கப் புகுந்த மேரி, அந்நாட்டுக்கே சென்று பார்த்தார். வியன்னா உருவங்கள் அங்கே பேசா என்று கண்டார். வீட்டின் வடிவும் உடையும் அம்மக்களுக்கு ஏற்ப மாற்றப்பட்டன. எல்லோருக்கும் பொதுவான மொழி வேண்டுமாயின், எல்லோரையும் கேட்டுத்தான் அதை ஆக்க வேண்டும் என்பதை அனுபவம் கற்பித்தது.

ஆர்ன்ட்சுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. பணிநேரம் போக, தமக்கென்று அவர் மரம் செதுக்கினார். பொழுதுபோக்கு என்று அதைச் சொன்னால் அவர் சினத்துக்கு நாம் நீதி செய்தவராக மாட்டோம். பணியிடத்துக் குறியுருவம் "எத்தனை பேர்?" என்பதற்கு விடை சொல்லிற்று, "யாரால்?" என்று அது கேட்பதில்லை. கேட்கும் பொறுப்பைச் சொந்தச் செதுக்குகளே ஏற்றன. 1934இல் வியன்னாவில் தொழிலாளர் இயக்கம் பீரங்கியால் நசுக்கப்பட்டது. அருங்காட்சியகப் பணியும் முடிந்தது. நாய்ராத் குழுவினர் ஹாலந்திலுள்ள ஹேக் நகருக்குப் பெயர்ந்தனர். அவ்வாண்டிலேயே ஹிட்லர் ஆட்சியைச் சாடி 'மூன்றாம் ரைஹ்' என்னும் படத்தை ஆர்ன்ட்ஸ் செதுக்கினார். ஆபத்து சூழ்ந்த அந்நாட்களில், 'டுபுவா' என்னும் புனைபெயரும் அவருக்குப் பயன்பட்டது. மரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அது! 1940இல் நாஜிப் படை ஹாலந்தில் நுழைந்தபோது நாய்ராத்தும் மேரியும் படகேறி இங்கிலாந்து சென்றனர். ஆர்ன்ட்ஸ் ஹேக்கிலேயே தங்கினார். எந்த ஆட்சியை வெறுத்தாரோ, அந்த ஆட்சியின் படையிலே 1943இல் அவரைக் கட்டாயமாகச் சேர்த்தனர். போர்க்கைதியாகி, 1946இல் மீண்டார்; மீண்டும் உளியை எடுத்தார். 1988இல் மறையும் வரை ஹேக் நகரமே அவர் இல்லம்.

தோழர்களே! இரயில் நிலையத்தில், மருத்துவமனையில், கைபேசித் திரையில் முகமற்ற சிற்றுருவங்களை நாள்தோறும் காண்கிறோம். ஆர்ன்ட்ஸ் உருவங்களின் வழித்தோன்றல்களே அவற்றுட் பல. ஆனால், பேரன்மார் பாட்டனின் தொழிலை மறந்துவிட்டனர். "இவ்வழியே போ, இங்கே நில்" என்று கட்டளையிடுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. பாட்டனோ "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், எண்ணிப் பார்!" என்றான்.

புள்ளிவிவரப் படம் ஏதேனும் கண்ணில் பட்டால், மூன்று கேள்விகளைக் கேட்போம். எண்ணியவர் யார்? எண்ணாமல் விடப்பட்டவர் யார்? எவருடைய தலையில் எவர் குல்லா மாட்டினார்? கைகளைப் பைக்குள் விட்டு வரிசையாக நிற்கும் அந்த வேலையற்ற மனிதர்களை அதன்பின் மீண்டும் பார்ப்போம். ஒவ்வோர் உருவுக்குப் பின்னும் பல்லாயிரம் பேர் நிற்கின்றனர். அவர்களைக் கணக்கில் கொண்டுவந்தது ஆர்ன்ட்சின் உளி. அக்கணக்கைத் தீர்ப்பது உளியின் வேலையன்று, நம் வேலை.