மெருகின் அரசியல்: கிதார் செய்யும் கைகளை முன்வைத்து

1

கிதாரின் நடுவே இருக்கும் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே முதுகுப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, சிலவற்றில் வரிசை எண்ணும் கையெழுத்தும். கையால் செய்த கிதாருக்கு இந்தச் சீட்டுதான் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம். கருவியை வாசிக்கிறவர்கள் ஏராளம். சீட்டை வாசித்தவர்கள் குறைவு. கருவிக்குள் ஒட்டப்பட்ட இந்தச் சின்னப் பிரதியை வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

'கைவேலை' என்ற சொல்லுக்கு இன்று பெரிய மவுசு. தொழிற்சாலையில் அடித்துத் தள்ளிய கிதாரைவிடக் கையால் இழைத்து, கையால் மெருகேற்றிய கிதாருக்குப் பல மடங்கு விலை. விலையை விடுங்கள், அது பணக்காரர்கள் பாடு. நம்மவர்களுக்கும் கைவேலை என்றதும் மனசு இளகிவிடுகிறது. இடதுசாரிக்கு அது அந்நியமாகாத உழைப்பு. சூழலியல்காரருக்கு இயந்திரத்துக்கு மாற்று. மரபை மீட்கக் கிளம்பியவருக்கு முன்னோர் அறிவு. எனக்கும் இளகத்தான் செய்கிறது. அப்படி எல்லோரையும் ஒருசேர இளக வைக்கிற ஒரு சொல்லைச் சந்தேகிக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

2

இன்றைய ஸ்பானிய கிதாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று அந்தோனியோ தெ தோரெஸைச் சொல்வார்கள். 1817இல் ஸ்பெயினின் அல்மேரியாவுக்குப் பக்கத்தில் பிறந்த தச்சர். செவில் நகரில் கிதார் செய்து பேர் வாங்கினார். பிறகு ஊர் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். 1875 வாக்கில் மறுபடியும் கிதாரில் கைவைத்து 1892இல் சாகும்வரை செய்தார். 'இரண்டாம் காலம்' என்றே தன் சீட்டுகளில் போட்டுக்கொண்டார். மகத்தான கலைஞனும் பீங்கான் விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே இந்தச் சீட்டு சொல்கிறது.

தோரெஸ் பற்றி ஒரு கதை உண்டு. அவரோடு பழகிய ஒரு பாதிரியார் பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதியது. ஒரு விருந்தில் அவரிடம், உமது ரகசியத்தை உம்மோடு கல்லறைக்குக் கொண்டுபோகாதீர் என்று கேட்டார்களாம். மறைக்க ஒன்றுமே இல்லை, ஆனால் விட்டுச்செல்லவும் முடியாது என்ற பொருளில் பதில் சொன்னாராம். பலகை போதுமான அளவு இழைக்கப்பட்டுவிட்டதா என்பதைக் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டிவிரல் நுனியுமே அவருடைய மூளைக்குச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

இதை மேதைமையின் புராணமாக வாசிப்பது சுலபம். வேறு மாதிரியும் வாசிக்கலாம். மேல்பலகை ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரத்தில், ஒரே துண்டைப் பிளந்து புத்தகம்போல் விரித்து ஒட்டியது. கனம் ஏறக்குறைய 2 முதல் 2.5 மில்லிமீட்டர். அதன் அடியில் விசிறி விரித்தமாதிரி மெல்லிய சட்டங்கள். பலகை தடித்தால் நாதம் ஊமையாகும். மெலிந்தால் கம்பிகளின் இழுப்பில் வயிறு தள்ளும். ஒவ்வொரு மரத்துண்டும் ஒவ்வொரு குணம் என்பதால் எங்கே நிறுத்துவது என்பதை அளவுகோல் மட்டும் சொல்லிவிடாது. வளைத்துப் பார்க்கிற, தட்டிக் கேட்கிற விரல்தான் சொல்லும். தோரெஸ் சொன்னது இதைத்தான்: விரல் நுனி யோசிக்கிறது. மூளை உத்தரவு போட, கை கீழ்ப்படிகிறது என்கிற படிநிலையை ஒரு தச்சர் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். 1862இல் முதுகும் பக்கங்களும் அட்டையில், மேல்பலகை மட்டும் மரத்தில் ஒரு கிதார் செய்தார். நாதத்தைத் தீர்மானிப்பது மேல்பலகையே என்று காட்டுவதற்காக. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. இந்த அட்டை கிதாரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

3

செய்து முடித்த கிதாரை மெருகேற்ற வேண்டும். இழைப்புளி, சுரண்டி, உப்புத்தாள் எல்லாம் ஓய்ந்தபிறகு வருகிற வேலை இது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்வார்கள். பஞ்சைப் பழந்துணியில் சுற்றிப் பொட்டலமாக்கி, அதில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாக, பிறகு எட்டுப் போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். பொட்டலம் ஓரிடத்தில் நின்றால் ஒட்டிக்கொண்டு, அடியில் உள்ள பூச்சையே கரைத்துப் பிய்த்துவிடும். நுரைக்கல் தூளைத் தூவி மரத்தின் கண்களை அடைக்க வேண்டும். ஒரு பூச்சு, காயவிடல், மறுபடி பூச்சு என்று வாரக்கணக்கில் போகும். கடைசியில் வெறும் ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தால் எண்ணெய்ப் பசையை நீக்குவார்கள். கை போன தடம் முழுவதும் அப்போது மறைந்துவிடும்.

இந்தக் கடைசிக் கட்டம்தான் என்னை நிறுத்தியது. கைவேலை என்று விலை சொல்லப்படும் பொருளின் உச்சம், கையின் தடத்தை அழிப்பதில் இருக்கிறது! உழைப்பு தன்னையே துடைத்துவிட்டுப் பளபளப்பாக நிற்கிறது. பண்டத்தின் மாயத்தைப் பற்றி மார்க்ஸ் பேசியதற்கு இதைவிடக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த மெருகுக்குப் பெயர் 'பிரெஞ்சுப் பாலிஷ்'. அரக்கு எங்கிருந்து வருகிறது? பெருமளவு இந்தியாவிலிருந்து. புரசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கிற பிசின் அது. இந்தியாவில் அரக்கு அதிகம் விளைவது ஜார்க்கண்டில். ஆங்கிலேயர் ஆட்சியில் 1924இலேயே ராஞ்சிக்குப் பக்கத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் வந்தது. கிளைகளில் பூச்சியைக் கட்டி, காத்திருந்து, வெட்டி, சுரண்டி எடுப்பவர்களில் பெரும்பான்மையோர் ஆதிவாசிகள். சுரண்டியதை இடித்து, கழுவி, நீண்ட துணிப்பையில் போட்டு நெருப்பின் முன் முறுக்கிப் பிழிந்து, உருகி வந்ததைச் சூட்டோடு தகடாக இழுப்பது பழைய முறை. இழுக்கிற தொழிலாளி இரண்டு கையோடு காலையும் பல்லையும் சேர்த்துப் பயன்படுத்துவார். அப்படியானால் இதைக் கைவேலை என்பதா, பல்வேலை என்பதா? சீட்டில் இதற்கு இடமில்லை. பெயர் பிரான்சுக்குப் போனது. பல்லும் காலும் சோட்டாநாக்பூரில் தங்கிவிட்டன.

நம் தாத்தாக்கள் கேட்ட 78 சுழற்சி இசைத்தட்டுகளிலும் இந்த அரக்குதான் இருந்தது. பாகவதர் குரல் ஊர் ஊராகப் போனது அரக்கில் ஏறித்தான். அரக்கு என்றதும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். பாரதத்தின் அரக்கு மாளிகை. பாண்டவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். உள்ளே எரிந்து கரிக்கட்டையானவர்கள் ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும். அவர்களுக்குக் காவியம் பெயர்கூட வைக்கவில்லை. அந்தப் பெயரற்ற உடல்களைக் காட்டித்தான் நாயகர்கள் இறந்ததாக நம்பவைக்கப்பட்டது. அரக்குக்கும் பெயரின்மைக்கும் உள்ள உறவு நம் மரபுக்குப் புதியதல்ல.

4

இனி மரம். கிதாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் ரோஸ்வுட்தான் உசத்தி என்று ஒரு காலம் இருந்தது. காடு தீர்ந்து, பிரேசில் உருட்டு மர ஏற்றுமதியைத் தடுத்த நிலையில், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறெதுவுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் அதை வெட்டக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே வந்தது. பிரேசில் மரம் 1992இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குப் போனது. 2017இல் அந்தப் பேரினத்தின் மற்ற மரங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. இசைக்கருவிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2019இல், இரண்டாம் பட்டியல் மரங்களால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கவனியுங்கள்: 'செய்து முடித்த'. மெருகேறிவிட்டால் எல்லை திறக்கிறது.

இதே 'முடித்தல்' 2011இல் வேறு வடிவில் வந்தது. அமெரிக்க அரசு கிப்சன் நிறுவனத்தில் சோதனை போட்டு இந்திய ரோஸ்வுட், கருங்காலித் துண்டுகளைக் கைப்பற்றியது. 2009இல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஏற்கனவே ஒரு சோதனை நடந்திருந்தது. குறிப்பிட்ட கனத்துக்கு மேற்பட்ட, வேலை முடியாத மரத்தை இந்தியச் சட்டம் வெளியே விடாது. இந்தியத் தொழிலாளி முடித்துக் கொடுத்திருந்தால் தப்பில்லையாம், என்ன நியாயம் இது என்று நிறுவனத் தலைவர் வாதாடினார். 2012இல் 3 லட்சம் டாலர் கட்டி ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அவருடைய புலம்பலில் ஓர் உண்மை தெரியாமல் வெளிப்பட்டுவிட்டது. வெட்டுவது, அறுப்பது, சுமப்பது யார் செய்தாலும் சரி. முடித்தல் மட்டும் எங்கள் கையில் இருக்கவேண்டும். ஏனென்றால் மதிப்பு அங்கேதான் ஏறுகிறது, பெயர் அங்கேதான் ஒட்டப்படுகிறது.

சரி, இவ்வளவு பாடு இந்த மரத்தின் நாதத்துக்காகவா? 2018இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே அமைப்பில், முதுகும் பக்கமும் மட்டும் வேறுவேறு மரத்தில் 6 கிதார்களைச் செய்வித்து, கண்ணுக்கு மரம் தெரியாதபடி 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டையும் சாதாரண மரத்தையும் அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. 1862இல் அட்டையை வைத்துத் தோரெஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே! கைவினைஞன் நிரூபித்ததைச் சந்தை ஒன்றரை நூற்றாண்டு கேட்டுக்கொள்ளவில்லை. காட்டை அழித்தது காது அல்ல, கண். கண்ணுக்குப் பின்னால் அந்தஸ்து.

5

கலாமசூ நகரத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் ராணுவத்துக்குப் போனபோது அங்கிருந்த கிப்சன் ஆலையில் கிதார் செய்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்துக் கிதார்களின் தலைப்பகுதியில், நல்லதென்றால் கிப்சன் மட்டுமே என்கிற தொனியில் ஒரு வாசகப் பட்டை இருக்கும். சேகரிப்பாளர்கள் இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள். ஆனால் போர்க்காலத்தில் கிதார் உற்பத்தி ஏறக்குறைய நின்றிருந்தது என்பதே நிறுவனத்தின் கதையாக இருந்தது. ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர், ஆலை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து தொடங்கி, அவர்களில் உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பேசி 2013இல் புத்தகம் போட்டார். கிதார்களை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார். அந்தப் பெண்கள் செய்தவற்றின் உள்சட்டங்கள் கூடுதல் நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தன என்பது அவர் முடிவு. அவர்கள் பெயரைச் சீட்டில் தேட முடியாது. எக்ஸ்ரேயில்தான் தேட வேண்டியிருந்தது.

6

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. கருவியை வாசிப்பவர்களில் பெரும்பான்மை பிராமணர்கள். செய்பவர்களில் பெரும்பான்மை தலித் கிறித்தவர்கள். வாத்தியத்தின் தோல் மாட்டுத் தோல். இதைச் சொன்ன நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது நமக்குத் தெரியும். மேற்கில் மெருகு கையை மறைத்தது. இங்கே சாதி மறைத்தது. ஒரு வித்தியாசம் உண்டு. தோரெஸின் விரல் பட்ட இடம் விலை ஏறியது. இங்கே விரல் பட்டதே தீட்டு. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையும் படிக்கட்டாகப் பிரித்தது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னதை மறந்துவிட்டுக் 'கைவினை மரபைப் போற்றுவோம்' என்று இங்கே யாராவது ஆரம்பித்தால், எந்தக் கை என்று கேளுங்கள்.

அப்படியானால் தோரெஸின் சீட்டைக் கிழித்துவிடலாமா? கூடாது. ஒரு தச்சன் தன் பெயரைப் பொருளுக்குள் ஒட்டியது பெரிய காரியம். நம் மிருதங்கத் தொழிலாளிக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. கேள்வி சீட்டின் அளவைப் பற்றியது. அரக்கு இழுத்த பல்லுக்கும், ஈட்டி சுமந்த தோளுக்கும், உள்சட்டம் இழைத்த பெண்ணுக்கும் இடம் இருக்கிற மாதிரி அதைப் பெரிதாக்க முடியுமா என்பதுதான். முடியாதென்றால் 'கையால் செய்தது' என்ற சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடு பயன்படுத்துவோம்.

இதை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களை நாம் பொக்கிஷமாக வைத்திருக்கிறோம். அவற்றின் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்த விரல்களும் யோசித்தவைதான். நம் பிழைகளைத் திருத்தியவை, புரியாத நம் வாக்கியங்களையும் முதலில் வாசித்தவை. சட்டம் கேட்டதால் அச்சகத்தின் பெயரைப் போட்டோம். கோர்த்தவர்களின் பெயரை எத்தனை இதழ்களில் போட்டோம்? அவர்களில் பலர் இப்போதும் நம் ஊர்களில்தான் இருப்பார்கள். போய்க் கேட்டு எழுதி வைக்க யாராவது கிளம்பினால் நானும் வருகிறேன்.