ஊற்றுகிறவரே நடுவரா?

சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ பறக்கும்போது விமானத்தில் மது தரமாட்டார்கள். இந்தியாவுக்குள் எந்த உள்நாட்டு விமானத்திலும் தருவதில்லை. கடல் தாண்டும் விமானங்களில்தான் தள்ளுவண்டியில் பாட்டில்கள் வரும். 'அங்கேயும் நிறுத்திவிட்டால் வம்பே இருக்காது' என்று சொல்பவர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நிறைய உண்டு. டாஸ்மாக் வாசலில் அன்றாடம் நடப்பதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வருகிறவர்கள் அவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்வு விமானத்துக்குப் பொருந்தவில்லை.

2024 ஜனவரி 14 அன்று டெல்லியிலிருந்து கோவா செல்லவிருந்த இண்டிகோ விமானத்தில், தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி ஓடிவந்து அடித்தார். அந்த விமானத்தில் ஒரு சொட்டு மது பரிமாறப்படவில்லை. அதற்கு ஓராண்டு முன்பு, டெல்லியில் குடித்துவிட்டு விமானம் ஏறிய இருவர் பாட்னாவில் இறங்கியதும் கைதானார்கள். அவர்களுக்கும் ஊற்றியது விமானம் அல்ல, தரை. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே பார்த்துவிட்டார்கள். 2021-இல் அமெரிக்கன், சவுத்வெஸ்ட் ஆகிய பெரிய நிறுவனங்கள் எகானமி வகுப்பில் மதுவை நிறுத்தி வைத்திருந்தன. அதே ஆண்டில்தான் அந்நாட்டு விமானங்களில் பயணிகளின் அத்துமீறல் குறித்த புகார்கள் ஏறத்தாழ 6,000-ஐத் தொட்டன. பெரும்பாலானவை முகக்கவசத் தகராறுகள்.

ஆகவே மது ஒன்றே குற்றவாளி என்ற வாதம் நிற்காது. அதற்காக மதுவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விமானத்தில் அது பரிமாறப்படும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

2022 நவம்பர் 26, நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியாவின் ஏஐ-102. பிசினஸ் கிளாஸில் இருந்த, எழுபது வயது கடந்த ஒரு பெண்மணி, மதுபோதையில் வந்த சக பயணி ஒருவர் தன்மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் கொடுத்தார். அந்த மனிதரை அழைத்துவந்து தன் எதிரிலேயே உட்காரவைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள் என்பதும் அவருடைய புகாரில் இருந்தது. டெல்லியில் இறங்கியதும் அந்த மனிதர் தடையின்றி வீட்டுக்குப் போனார். காவல்துறை வழக்குப் பதிந்தது 2023 ஜனவரி 4 அன்று, செய்தி வெளியே வந்த பிறகு. அத்துமீறல் நடந்தால் தரையிறங்கிய 12 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. விசாரணைக்குப் பின் டிஜிசிஏ, ஏர் இந்தியா நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, தலைமை விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. விமானத்துக்குள் நடக்கும் சேவைகளுக்குப் பொறுப்பான இயக்குநருக்கு 3 லட்சம் அபராதம். குற்றம் சாட்டப்பட்டவர் புகாரை மறுத்தார்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது அதிகம் பேசப்படாத ஒரு முரண். பக்கத்து இருக்கையில் இருந்த மருத்துவர் ஒருவர், அந்த மனிதர் மதிய உணவின்போதே நான்கு கோப்பை விஸ்கி குடித்திருந்தார் என்றும், இனி ஊற்றவேண்டாம் என்று பணியாளர்களிடம் தாம் சொன்னதாகவும் வெளிப்படையாகப் பேசினார். நிறுவனமோ, அவருக்கு அளவுக்கு மீறி ஊற்றவில்லை, அவர் போதையில் இருந்ததாகப் பணியாளர்களுக்குத் தோன்றவும் இல்லை என்று பின்னர் அறிக்கை விட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. ஒரே மனிதரை ஒரே மணி நேரத்தில் பார்த்தவர்கள் இப்படி இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறது என்றால், 'போதும்' என்ற எல்லையைப் பணியாளரின் கண்மதிப்பிடம் மட்டுமே விட்டிருக்கிறோம் என்றுதானே பொருள்? எத்தனை கோப்பை என்பதற்கு எழுத்தில் ஒரு கணக்கு இருந்திருந்தால் இந்த முரணுக்கே இடமிருந்திருக்காது.

நியூயார்க்–டெல்லிப் பயணம் பதினான்கு, பதினைந்து மணி நேரம். பணியாளர்கள் முறைவைத்து ஓய்வெடுப்பார்கள். முதல் முறையில் ஒருவர் மூன்று கோப்பை கொடுத்திருப்பார். அடுத்த முறைக்கு வருகிறவருக்கு அது வாய்மொழியாகத் தெரிந்தால் உண்டு. விமானத்துக்குள் அழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாக இருக்கலாம். அதாவது உடலுக்கு ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஜெர்மானிய விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், மது அருந்திவிட்டு இப்படிப்பட்ட அழுத்தத்தில் தூங்கியவர்களின் இரத்த ஆக்சிஜன் 85 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாமல் சும்மா தூங்குகிறவருக்கே இந்த நிலை.

பரிமாறுவதற்கு ஆதரவான வாதத்தையும் மறைக்கக் கூடாது, அது வலுவானதே. கோப்பையில் அளந்து ஊற்றுவதால் ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது பணியாளர் கண்ணில் படுகிறது. மது அடியோடு இல்லாத விமானங்களும் உண்டு. சவூதியா, குவைத் ஏர்வேஸ் போன்றவை தருவதே இல்லை, அவற்றில் பயணம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் மற்ற வழித்தடங்களில் நிறுத்தினால், டூட்டி ஃப்ரீ பையைப் பிரித்து இருக்கைக்கடியில் மறைத்துக் குடிக்கிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். தானே கொண்டுவந்ததைக் குடிக்கக் கூடாது என்ற விதி இப்போதும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் அந்த பாட்டிலில் இருந்து எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பான்மைப் பயணிகள் ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் தூங்குகிறார்கள் என்பதும் உண்மை. சிலர் செய்வதற்கு எல்லோரையும் தண்டிப்பது எனக்கு ஒப்பவில்லை.

குறை ஊற்றுவதில் இல்லை. ஊற்றுகிறவரே நடுவராகவும் இருக்க வேண்டியிருப்பதுதான் குறை. பணிப்பெண்ணின் வேலை பயணியை மகிழ்விப்பது. அதே கையால் அவர் மறுக்கவும் வேண்டும். மறுத்தால் பயணி சீறுவார், புகார் எழுதுவார். அந்தப் புகாரில் நிறுவனம் யார் பக்கம் நிற்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் விமானப் பணிக்குப் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, 'சரக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கணுமாமே?' என்பதாகத்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஊற்ற மாட்டேன் என்று அவள் சொன்னால், அதற்குப் பிறகு அவளுக்கு யார் துணை?

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் கடைசிப் பேருந்தில் குடித்துவிட்டு ஒருவர் அலம்பல் செய்தால், நடத்துநர் விசில் கொடுத்து, 'இறங்குய்யா' என்று அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். அவருக்கு அந்த வசதி இருக்கிறது, மற்ற பயணிகளும் அவர் பக்கம் பேசுவார்கள். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் முன்கூட்டியே மறுக்கும் உரிமை விமானத்தில் இன்னும் வலுவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, வகுப்பு. துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போகும் வெல்டரும் பிளம்பரும் பின்வரிசையில் இரண்டாவது பீர் கேட்டால் பணியாளரின் முகம் மாறுகிறது. முன்வரிசையில் கேட்பவருக்குக் கேட்கும் முன்பே ஊற்றப்படுகிறது. ஏஐ-102 நடந்தது பிசினஸ் கிளாஸில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதிகம் காசு கொடுத்தவரிடம் 'இல்லை' சொல்வது கடினம் என்று வைத்திருக்கும் ஏற்பாடு, அங்கேதான் உடையும்.

சம்பவத்துக்குப் பிறகு ஏர் இந்தியா கொண்டுவந்த விதிகள் ஓரளவு சரியான திசையில் இருக்கின்றன. பணியாளர் ஊற்றாத மதுவைப் பயணி குடிக்கக் கூடாது, போதையின் படிநிலைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பார்த்துக் கணிக்க வேண்டும், 'கடைசியாக ஒன்று மட்டும்' என்று கெஞ்சினாலும் ஊற்றக் கூடாது, ஆனால் அவரைக் குடிகாரன் என்று சொல்லிவிடவும் கூடாது. நல்லவைதாம். ஆனால் மூன்று நிறங்களையும் பார்க்கப்போவது அதே கண்கள்தான். டிஜிசிஏவின் 2017 விதிகளில், வாய்த்தகராறுக்கு மூன்று மாதம்வரை, கைவைத்தால் ஆறு மாதம்வரை, உயிருக்கு ஆபத்தானால் இரண்டாண்டும் அதற்கு மேலும் தடை உண்டு. 2023-இல் மட்டும் 110 பேர் பறக்கத் தடை விதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், எல்லோரும் மதுவால் அல்ல. தண்டனைப் பட்டியல் வளர்வதால் விமானத்தில் ஊற்றும் முறை மாறிவிடாது.

என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு இருக்கை எண்ணுக்கும் எத்தனை கோப்பை, எந்த நேரம் என்று பணியாளர் கையிலுள்ள டேப்லெட்டில் பதிய வேண்டும். முறை மாறும்போது அந்தப் பதிவும் கைமாற வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போனால் மூத்த பணியாளர் ஒப்புதல் இல்லாமல் ஊற்றக் கூடாது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இதே எண்ணிக்கை. மறுத்த பணியாளர்மீது வரும் புகாரை நிறுவனம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். லவுஞ்சிலும் விமான நிலைய பாரிலும் ஊற்றுகிறவர்களுக்கும் இதே பொறுப்பு வேண்டும். 2024-இல் ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனம், விமான நிலையங்களில் ஒரு பயணிக்கு இரண்டு கோப்பைக்கு மேல் விற்கக் கூடாது என்று கேட்டது. இதனால் வருமானம் குறைகிறவர்கள் எதிர்ப்பார்கள். மீனம்பாக்கத்திலும் எதிர்ப்பார்கள். ஆனாலும் வாயிலில் தள்ளாடி நிற்கும் பயணியை நிறுத்தும் வேலை, ஏற்கெனவே ஊற்றி முடித்தவர்கள் கையைக் கழுவிக்கொண்ட பிறகு, விமானப் பணிப்பெண்ணின் தலையில்தான் இன்று விழுகிறது.