ஒரே மொழி, யாருடைய வாய்?
தெலங்கானா இயக்க வரலாற்றில் ஒரு விடுபட்ட கணக்கு

"ஒரே பாஷை பேசுறவன் எதுக்குய்யா பிரியணும்?" தெலங்கானா மாநிலம் அமைக்கும் நடவடிக்கை தொடங்கும் என்று 2009 டிசம்பர் 9 இரவு மத்திய அரசு அறிவித்தது. மறுநாள் காலை டீக்கடையில் ஒரு மூத்த தோழர் கேட்ட கேள்வி இது. மொழிவழி மாநிலம் என்கிற கருத்துக்காக ஆயுள் முழுக்க மேடை ஏறியவர். அவர் கேள்வியில் கள்ளமில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

தெலங்கானாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பேரேட்டை எழுதுகிறார்கள். எந்த ஒப்பந்தம் எப்போது மீறப்பட்டது, தண்ணீர் எங்கே போனது, வேலை யாருக்குப் போனது என்பதாகவே அது இருக்கிறது. இயக்கமும் இதை 'நீள்ளு, நிதுலு, நியாமகாலு' (தண்ணீர், நிதி, நியமனம்) என்று மூன்று சொல்லில் சுருக்கிவைத்திருந்தது. கணக்கு பொய்யில்லை. ஆனால் தண்ணீரும் வேலையும் மறுக்கப்பட்ட எல்லா இடங்களிலும் தனி மாநிலக் கோரிக்கை அறுபது வருடம் தாக்குப்பிடிப்பதில்லையே. பேரேட்டில் ஏறாத நான்காவது கணக்கு ஒன்று இருக்கிறது. அது பேச்சு.

1921இல் ஐதராபாத்தில் ஒரு சமூகச் சீர்திருத்த மாநாடு நடந்தது. நிஜாம் அரசின் மொழி உருது. மேடையில் ஆங்கிலமும் மராத்தியும் செல்லும். அல்லம்பள்ளி வெங்கடராமராவ் தெலுங்கில் பேச எழுந்ததும் சபை கேலி செய்தது. அந்த அவமானத்திலிருந்து பிறந்த அமைப்புக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஆந்திர ஜன சங்கம்'. அதாவது உருதுக்கு எதிரே தன்னைத் தெலுங்கனாக உணர்ந்த தெலங்கானாக்காரன் அன்று 'ஆந்திரன்' என்ற பெயரை விரும்பி எடுத்துக்கொண்டான். பிற்கால வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தைச் சங்கடத்தோடு தாண்டிப் போகிறார்கள். தாண்ட வேண்டியதில்லை. அடையாளம் என்பது மண்ணுக்கடியில் புதைந்து கிடந்து தோண்டி எடுக்கிற பொருளில்லை. எதிரே நிற்பவன் யார் என்பதைப் பொறுத்து உருவாவது.

எதிரே நின்றவன் சீக்கிரமே மாறினான். தெலங்கானாவில் கவிகளே இல்லை என்று ஒரு பேச்சு எழுந்தபோது, சுரவரம் பிரதாபரெட்டி 1934இல் 'கோல்கொண்ட கவுல சஞ்சிக' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் 354 கவிகள். ஒரு இலக்கியத் தொகை நூல் இப்படித் தலையெண்ணிக் காட்ட வேண்டியிருந்தது என்பதே அந்த ஏளனத்தின் கனத்தைச் சொல்லிவிடும்.

1948 போலீஸ் நடவடிக்கைக்குப் பின் சென்னை மாகாணத்து ஆந்திரப் பகுதியிலிருந்து அதிகாரிகளும் ஆசிரியர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். உருதுவில் படித்த உள்ளூர் இளைஞனுக்குத் தெரியாது. அவன் தெலுங்கு உருது கலந்தது. ஆகவே அது 'தெலுங்கே இல்லை'. 1952இல் 'வெளியாட்களே திரும்பிப் போங்கள்' என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, நம்ம சென்னையில், பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து இறந்தார். இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் குறைவு. மொழியின் பெயரால் ஒருவர் உயிரை விடுகிறார். அதே மொழியின் பெயரால் தாங்கள் தாழ்த்தப்படுவதாக இன்னொரு பகுதி புகார் சொல்கிறது. முதலாவது மட்டும் நமக்கு வரலாறாகிவிட்டது.

1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அவசரம் வேண்டாம் என்றது. தெலங்கானா தனியாக இருக்கட்டும்; 1961 தேர்தலுக்குப் பின் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விரும்பினால் சேரட்டும் என்றது. கேட்கவில்லை. 1956 பிப்ரவரியில் 'பெரிய மனிதர்கள் ஒப்பந்தம்' போட்டு நவம்பர் 1இல் இணைத்தார்கள். மசோதாவில் 'ஆந்திர-தெலங்கானா' என்றிருந்த பெயர் 'ஆந்திரப் பிரதேசம்' ஆயிற்று. முதலமைச்சர் ஆந்திரர் என்றால் துணை முதலமைச்சர் தெலங்கானாவிலிருந்து என்பது பேச்சு. முதல் அமைச்சரவையிலேயே அந்தப் பதவி இல்லை. பெயரும் போச்சு, பதவியும் போச்சு.

1969 கிளர்ச்சியில் இறந்தவர்கள் 369 பேர் என்பது இயக்கம் சொல்லும் கணக்கு. 1971 மக்களவைத் தேர்தலில் தெலங்கானா பிரஜா சமிதி 14 தொகுதிகளில் பத்தை வென்றது. அதே ஆண்டில் காங்கிரஸில் கரைந்தது. 1973 ஆறு அம்சத் திட்டத்தோடு பேரேடு மூடப்பட்டது. பேரேட்டு வரலாற்றுக்கு இதன் பின் இருபத்து சொச்சம் வருடம் கிட்டத்தட்ட வெற்றிடம். ஆனால் அந்த வருடங்களில்தான் பாடப்புத்தகமும் செய்தித்தாளும் கிருஷ்ணா, குண்டூர், கோதாவரி மாவட்டங்களின் பேச்சைப் பொதுத் தெலுங்காக நிலைநிறுத்தின. சினிமாவில் தெலங்கானாப் பேச்சு அடியாளுக்கும் கோமாளிக்கும் போனது. சென்னைச் சேரிப் பேச்சை நம் சினிமா என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கும் ஒரு வகுப்பறை நினைவிருக்கிறது. எம்.ஏ. படிக்கையில் எங்க ஊர்ப் பேச்சில் ஒரு பாட்டுக்கு விளக்கம் சொல்லப்போனேன். "முதலில் தமிழில் பேசு" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவமானத்தைத் தானே ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பொதுமொழியின் அதிகாரம். காளோஜி நாராயணராவ் ஏட்டு மொழியை மறுத்து வாய்மொழியில் எழுதியதை நான் வெறும் நடைப் பரிசோதனையாகப் படிக்க முடியாமல் போனதற்கு அந்தச் சிரிப்பும் காரணம். அவரும் முதலில் விசாலாந்திராவை ஆதரித்தவர்தான்.

தொண்ணூறுகளில் இயக்கத்தைத் திரும்ப எழுப்பியவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்கள் இல்லை. இடதுசாரிகள், தலித் பகுஜன் அமைப்பாளர்கள், பாடகர்கள். நூற்பாலைத் தொழிலாளியாக இருந்து பாட வந்த பெல்லி லலிதா 1999 மேயில் வெட்டிக் கொல்லப்பட்டார். தெலங்கானா மகாசபையைத் தொடங்கிய மாரோஜு வீரண்ணா அதே மாதம் போலீஸ் 'என்கவுன்ட்ட'ரில் இறந்தார். தெலங்கானா ராஷ்டிர சமிதி பிறந்தது 2001 ஏப்ரலில். வரிசையைக் கவனியுங்கள். கட்சி வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது. 'தூம் தாம்' மேடைகளில் லட்சக்கணக்கானோர் கேட்டது, தாங்கள் வெட்கப்படப் பழக்கப்பட்டிருந்த அதே பேச்சை.

இத்தோடு நிறுத்தினால் நானும் வெற்றிக்கதை எழுதியவனாவேன். 2014 ஜூன் 2 அன்று மாநிலம் வந்தது. முதல் முதலமைச்சர் தலித் என்று வாக்களித்த கே. சந்திரசேகர ராவ் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காளோஜியின் பிறந்தநாளான செப்டம்பர் 9 தெலங்கானா மொழி நாள் ஆனது, நல்லது. பள்ளிக்கூடம் போகாத, ஆடு மாடு மேய்த்த, கட்டட வேலை பார்த்த அந்தெஸ்ரீயின் பாட்டு மாநிலப் பாட்டாக 2024 வரை காத்திருந்தது. அந்தப் பாட்டையும் படித்துப் பாருங்கள். இயக்கம் எந்த வாய்மொழிக்காக நின்றதோ அதில் அது இல்லை. வடசொல் மிகுந்த உயர்நடையில் இருக்கிறது. இதை அந்தெஸ்ரீயின் குறையாக நான் சொல்லவில்லை. அரசு என்கிற மேடையில் ஏறும்போது எந்த உடை உடுத்த வேண்டும் என்று நம் எல்லோருக்குமே கற்றுத்தரப்பட்டிருக்கிறது. 2022இல் ராவின் கட்சி தன் பெயரிலிருந்தே 'தெலங்கானா'வை எடுத்துவிட்டு 'பாரத்' என்று வைத்துக்கொண்டதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே.

இன்னும் கசப்பான ஒன்று. தெலங்கானாத் தெலுங்கு என்ற கொடியின் கீழ் வராதவர்களும் அதே மண்ணில் இருக்கிறார்கள்: கோண்டுகள், கோயாக்கள். 1981 ஏப்ரல் 20 அன்று இந்திரவெல்லியில் நிலம் கேட்டுக் கூடிய கோண்டுகள் சுடப்பட்டார்கள். 2014இல், மாநிலம் பிறந்த கையோடு, போலாவரம் அணைக்காகக் கம்மம் மாவட்டத்தின் ஏழு மண்டலங்கள் ஆந்திராவுக்கு மாற்றப்பட்டன. முழுகவிருந்த ஊர்களில் பெரும்பாலும் ஆதிவாசிகள். தெலங்கானாப் பேச்சின் விடுதலை அவர்களிடம் என்ன மொழியில் போய்ச் சொல்லப்பட்டது?

தோழருக்கு என் பதில் இதுதான். ஒரே பாஷை பேசுகிறவர்கள் பிரியவில்லை. ஒருவன் பேசுவதுதான் பாஷை, மற்றவன் பேசுவது கொச்சை என்று வைத்திருந்த ஏற்பாடு உடைந்தது. மாநிலம் கிடைத்ததால் அந்த ஏற்பாடு ஒழிந்துவிடவில்லை; ஒரு படி கீழே இறங்கி வேறு ஆட்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. நமக்கும் இதில் வேலை இருக்கிறது. தெலங்கானாக் கதைகளைத் தமிழில் தரும் நண்பர்கள் பலரும் ரயத்து பேசுவதையும் தாசில்தார் பேசுவதையும் ஒரே சலவைத் தமிழில் தருகிறார்கள். 1921இல் அந்தச் சபை கேலி செய்தது. நாம் மரியாதையாகத் திருத்திவிடுகிறோம். அதை முதலில் நிறுத்துவோம். மொழிவழி மாநிலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.