வெயிலில் நிற்கும் பெட்டியும் கணினிக் கணக்கும்

செல்பேசிக் கோபுரத்தின் அடியில் நிற்கும் உலோகப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் சூடு. உள்ளே மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரும் பேட்டரியும், வெளியே வெயில். அடைத்து வைத்தால் வெப்பம் போக வழியில்லை. திறந்து விட்டால் தூசியும் மழையும் புகும். இந்த இழுபறிக்கு விடை தேடி வடிவமைப்பாளர்கள் இப்போது நேரே காற்றோட்டத்தையும் சூட்டையும் கணக்கிடும் கணினி சிமுலேஷனிடம் போகிறார்கள். போவதில் தவறில்லை. எந்தக் கேள்வியோடு போகிறார்கள் என்பதில்தான் எனக்குக் குறை.

கணக்குமுறை உறுதியானது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஸ்பால்டிங்கும், புனே பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே போன சுஹாஸ் பாட்டன்கரும் 1972இல் வெளியிட்ட 'சிம்பிள்' வழிமுறை இன்றும் பல மென்பொருள்களின் அடித்தளம். மென்பொருள், பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், ஆற்றல் மூன்றும் கணக்குத் தப்பாமல் பார்த்துக்கொள்கிறது. 2004 முதல் ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைப்பதால், காசில்லை என்ற சாக்கும் இல்லை.

இதன் உண்மையான பலம், கைக்கணக்குக்கு எட்டாததைக் காட்டுவது. மேலே ஃபேன் வெளியே தள்ளும் சுடுகாற்று வளைந்து வந்து கீழ்த் துளை வழியே மறுபடி உள்ளே நுழைகிறதா? மூலையில் இருக்கும் மின்னணு கார்டைக் காற்று தொடுகிறதா? கூரைக்கு மேல் இன்னொரு தகடு போட்டு இடைவெளி விட்டால் எவ்வளவு குறையும்? இந்த மாதிரி 'இதுவா, அதுவா' கேள்விகளுக்கு, தகட்டை வெட்டுவதற்கு முன்பே நம்பகமான பதில் கிடைக்கிறது.

ஆனால் அறிக்கையில் வருவது ஒப்பீடு அல்ல, '54.3 டிகிரி' என்று ஒரே எண். அந்தத் தசமப் புள்ளிக்கு எந்தத் தகுதியும் இல்லை.

பெயின்டை எடுத்துக்கொள்வோம். வெளியில் நிற்கும் தொலைத்தொடர்புப் பெட்டிகளுக்கான வட அமெரிக்காவின் ஜிஆர்-487 விதிப்படி வெயிலைச் சதுர மீட்டருக்கு 753 வாட் என்று கொள்ள வேண்டும். 600க்கு 600, உயரம் 1200 மில்லிமீட்டர் உள்ள பெட்டியில் கூரையிலும் ஒரு பக்கத்திலும் அது விழுவதாக வைத்தால், பரப்பு 1.08 சதுர மீட்டர். புது வெள்ளைப் பெயின்ட் கால் பங்கை உறிஞ்சினால் சுமார் 200 வாட். புழுதி படிந்து நிறம் மங்கி அது பாதிப் பங்கானால் 400. எல்லாம் உள்ளே போய்விடாது, ஒரு பகுதி வெளிக்காற்றுக்கே திரும்பும். இருந்தாலும் உள்ளே இருக்கும் கருவியின் சூடே 200 வாட் என்றால், பெயின்டின் வயதும் அதற்குச் சமமான சுமைதான். இந்த உறிஞ்சும் பங்கை மென்பொருள் கண்டுபிடிப்பதில்லை. நாம் தட்டச்சு செய்கிறோம்.

ஃபேன் கதையும் இதுவே. 500 வாட் சூட்டைப் பத்து டிகிரி உயர்வுக்குள் வெளியேற்ற மணிக்குச் சுமார் 160 கன மீட்டர் காற்று வேண்டும். ஃபேனின் பட்டியலில் எழுதியிருப்பது தடையில்லாத காற்றோட்டம். ஃபில்டரில் தூசி அடைத்து ஓட்டம் பாதியானால் உயர்வு இருபது டிகிரி. வேலூர் போன்ற ஊரில் வெளியே நாற்பதைத் தாண்டும் நாளில் மிச்சத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள். ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு.

இன்னொரு குறை மென்பொருளை இயக்குபவரிடம். அடைத்த பெட்டியில் கதிர்வீச்சை விட்டுவிட்டுக் காற்றோட்டத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். பெயின்ட் அடித்த சுவரிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் சூடு, அசையாத காற்று கொண்டுபோகும் சூட்டுக்குக் குறைந்ததல்ல. எனவே பாதி வழியையே மறந்து கணக்கிடுகிறார்கள். கே-எப்சிலான் கொந்தளிப்பு மாதிரியும் முழுமையாகக் கொந்தளிக்கும் வேக ஓட்டத்துக்காக உருவானது. மெதுவாக மேலெழும் காற்றுக்கு அது அரைகுறைப் பொருத்தம்தான். கட்டங்களை எவ்வளவு நுணுக்கினாலும் இது தீராது.

ஆகவே அறிக்கை வாங்குபவர் வண்ணப் படத்துக்கு முன்பு இரண்டு சிமுலேஷன் ஓட்டங்களைக் கேட்க வேண்டும்: புதுப் பெயின்ட்டும் சுத்தமான ஃபில்டரும் ஒன்றில், மங்கிய பெயின்ட்டும் அடைத்த ஃபில்டரும் மற்றொன்றில். கூடவே ஒரு மாதிரிப் பெட்டியில், கருவிக்குப் பதில் ஹீட்டர் வைத்து, மொட்டை மாடியில் ஒரு மே மாத நாள் முழுக்கத் தெர்மோகப்பிள் எடுத்த அளவுகளையும் கேட்க வேண்டும். இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே அந்த அளவுகள் விழாவிட்டால், பணத்தை நிறுத்தி வைக்கலாம்.