வசைக்கு நன்றி

2013ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனமும் யூ.எஸ். எயர்வேய்ஸ் நிறுவனமும் ஒன்றிணையப் போவதாக அறிவித்தன. உலகின் மிகப் பெரிய விமான நிறுவனம் தோன்றப் போகிறது என்பது செய்தி. அக்காலத்தில் டுவிட்டர் எனப்பட்ட சமூக ஊடகத்திலே ஒருவர், உலகில் மிகப் பெரியதும் மிகக் கேடுகெட்டதுமான விமான நிறுவனத்தை ஆக்கியமைக்காக அமெரிக்கன் எயர்லைன்ஸை வாழ்த்தினார். அவரது ஆதரவுக்கு நன்றி என்றும், ஒளிமிக்க எதிர்காலத்தைத் தாம் எதிர்நோக்குவதாகவும் நிறுவனம் மறுமொழி எழுதியது. கண்டோர் சிரித்தனர். அச்சிரிப்பு எதன்மேல் எழுந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுக்கும். முன்னையது வெளிப்படை வசை. பின்னையது மறைத்துக் கூறும் வசை. மறைத்துக் கூறப்படுவதாயினும் அது மறைந்தே போய்விடலாகாது. கேட்போன் அதனைக் கண்டெடுத்தல் வேண்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டிலே, தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று அழகாகக் காவல்மனையில் இருக்க, அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலிற் கிடக்கின்றன என்று ஔவையார் கூறுகிறார். அதற்குத் தொண்டைமான், ‘எமது படைக்கலக் கொட்டிலைப் பாராட்டியமைக்கு நன்றி, மீண்டும் வருக’ என்று விடையிறுத்திருந்தால் ஔவையின் தூது என்னாகியிருக்கும்? பகைவனாயினும் அவன் கேட்கக்கூடியவன் என்ற நம்பிக்கையின் மேலேயே அப்பாட்டு நிற்கிறது.

விமான நிறுவனத்தின் செயலை வேடிக்கையென்று தள்ளிவிடலாம். அதே ஆண்டு யூலையில் பாங்க் ஒப் அமெரிக்கா செய்ததை அவ்வாறு தள்ள இயலாது. கடனடைக்க முடியாதோரின் வீடுகளை வங்கிகள் பறிப்பதைக் கண்டித்து, நியூயோர்க்கில் அவ்வங்கியின் முன்னே வெண்கட்டியால் எழுதிய ஒருவர், பொலிசார் தம்மை விரட்டியதை டுவிட்டரிற் பதிந்தார். வங்கியோ அவரது கணக்குத் தொடர்பில் உதவ முன்வந்தது! கேலியாகவும் கோபமாகவும் எழுதிய ஏனையோருக்கும் ஏறத்தாழ அதே உபசாரமே கிடைத்தது. வீடு பறிப்பு ஆவணங்களில் நிகழ்ந்த முறைகேடுகள் தொடர்பாக, முந்திய ஆண்டிலேதான் ஐந்து பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ 2,500 கோடி டொலர் இணக்கத்துக்கு உடன்பட்டிருந்தன. அவ்வைந்தனுள் இவ்வங்கியும் ஒன்று. வீடிழந்தோர் சார்பில் எழுந்த எள்ளலைப் பொழுதுபோக்கென்று கொள்ளல் ஆகாது.

அம்மறுமொழிகளை இயந்திரமே எழுதியிருக்கும் எனப் பலர் கருதினர். தன் ஊழியரே எழுதினர் என்றது வங்கி. எமது நோக்கில், நிகழ்ச்சியின் கொடுமை இவ்விளக்கத்திலேதான் உள்ளது. பிறர் எல்லோருக்கும் விளங்கிய எள்ளல் அவ்வூழியர் ஒருவருக்கு மட்டும் விளங்காமற் போயிருக்குமா? விளங்கியிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. விளங்கியதாகக் காட்டும் உரிமைதான் அவருக்கு இல்லை. நன்றி கூறலாம், வருத்தம் தெரிவிக்கலாம், கணக்கு விபரங்களைத் தனியே அனுப்புமாறு கேட்கலாம். ‘நீங்கள் எள்ளுவது நியாயமே’ என்று எழுதிவிட்டு மறுநாளும் அவர் அக்கதிரையில் அமர முடியுமா? உழைப்பிலிருந்து அந்நியமாதல் பற்றி நாம் விரிவுரைகளிற் கேட்கிறோம். தன் சொல்லிலிருந்தே ஒருவன் அந்நியமாதலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

எள்ளலை இனங்காணும் கணினி முறைகள் செம்மையுற்றால் இக்குறை நீங்கும் என்போர் உளர். இவர்கள் குறையை விளக்கமின்மையிலே காண்கின்றனர். அது அதிகாரத்திலே உள்ளது. கணினி கண்டுபிடிக்கும் எள்ளல் எங்கே போய்ச் சேரும்? மறுமொழி கூறாது விடவேண்டியவற்றின் பட்டியலுக்கே போகும். பொருந்தா நன்றியாவது ஊரார் காணச் சான்றாக நின்றது. மௌனம் அதனையும் விட்டுவைக்காது.

நிறுவனங்களுக்கு நகைச்சுவை வராது என்றும் சொல்வதற்கில்லை. 2017 சனவரியில் வென்டீஸ் என்னும் அமெரிக்க உணவக நிறுவனம் டுவிட்டரிலே தன்னைச் சீண்டியோரைக் கூரிய கேலியால் மடக்கிப் பெரும் பாராட்டுப் பெற்றது. அங்கே எழுதிய ஊழியருக்கு எள்ளும் உரிமை தாராளமாகவே இருந்தது. போட்டி நிறுவனத்தை எள்ளலாம், வாடிக்கையாளரை எள்ளலாம், தமக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தை மட்டும் எள்ளக்கூடாது.