தலைப்புக் கட்டி வரும் பணம்: பீர்க்கன்கரணையும் ஒன்றிய அரசு மானியங்களும்

சென்னையின் தெற்குப் புறநகரான பீர்க்கன்கரணை 2021 நவம்பர் 3 வரை தனிப் பேரூராட்சி. அன்று உருவான தாம்பரம் மாநகராட்சியில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், திருநீர்மலை, பீர்க்கன்கரணை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் எழுபது வார்டுகளாகக் கலந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் முப்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊர், ஏழு லட்சத்தைத் தாண்டிய மாநகரின் ஒரு மூலையானது. மாறியது பெயர்ப்பலகை மட்டுமல்ல. ஒன்றிய அரசின் மானியம் இந்த ஊருக்கு எவ்வளவு, எதற்காக, யார் கையெழுத்தில் வரும் என்பதும் மாறியது.

அந்த மானியம் இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. ஒன்று, அரசமைப்புச் சட்டத்தின் 280ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைக்கும் மானியம். மற்றொன்று, நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான அம்ருத், தூய்மை இந்தியா போன்ற திட்டங்களின் வழியே வருவது. முதலாவது சூத்திரத்தின்படி வருகிறது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பங்கு உண்டு, நிபந்தனைகளை நிறைவேற்றினால் போதும். இரண்டாவதைத் திட்ட அறிக்கை எழுதி, மாநில அளவிலான குழுக்களின் ஒப்புதல் பெற்று, மாநில அரசும் மாநகராட்சியும் தம் பங்கைப் போட்டு வாங்க வேண்டும்.

15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கியது 1,21,055 கோடி ரூபாய். இதை ஆணையம் இரண்டாகப் பிரித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத் தொகுதிகளுக்கு 38,196 கோடி. மற்ற ஊர்களுக்கு 82,859 கோடி. சிறிய ஊர்களுக்கு வரும் பணத்தில் 40 விழுக்காட்டை எந்தத் தேவைக்கும் செலவழிக்கலாம் என்றது. எஞ்சியது குடிநீருக்கும் துப்புரவுக்கும் சரிபாதி. பெரிய நகரத் தொகுதிகளுக்கோ கட்டில்லாத பணம் என்று ஒரு ரூபாயும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு காற்றின் தரத்தைப் பொறுத்தது. மீதி குடிநீர், கழிவுநீர், குப்பை மேலாண்மையில் காட்டும் முன்னேற்றத்தைப் பொறுத்தது.

தென்சென்னைப் புறநகர்கள் மக்கள்தொகைக் கணக்கில் சென்னை நகரத் தொகுதிக்குள் வருவதால், பீர்க்கன்கரணை சேர்ந்தது கட்டுள்ள வரிசையில். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முடிச்சூரும் வண்டலூரும் கிராம ஊராட்சிகள் என்பதால் ஊரக மானிய வரிசையில் நின்றன. அங்கே 40 விழுக்காட்டை எங்கே செலவழிப்பது என்பதை ஊராட்சியே முடிவு செய்ய முடிந்தது. இந்த ஊர்களில் மழை ஒரே வானத்திலிருந்துதான் பெய்கிறது. சாக்கடைப் பிரச்சினையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்து, உள்ளாட்சியின் கை எவ்வளவு நீளும் என்பது மாறிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அது அற்பமானதல்ல. மானியம் வாங்க விரும்பும் உள்ளாட்சி, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் இணையத்தில் வெளியிட வேண்டும். வரவு செலவைப் பொதுமக்கள் கண்ணில் காட்டியே பழகாத பல அலுவலகங்களுக்கு இது பெரிய மாற்றம். வந்த பணத்தை மாநில அரசு பத்து வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிக்குத் தள்ளிவிட வேண்டும், தாமதித்தால் வட்டி கட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. கருவூலத்தில் மாதக்கணக்கில் பணம் முடங்கிக் கிடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது நிபந்தனை கசப்பானது: சொத்து வரி. 2022-23 முதல் மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்திருக்க வேண்டும். அதன்பின் வரி வசூல், மாநிலப் பொருளாதாரத்தின் சராசரி வளர்ச்சியோடு சேர்ந்து ஏற வேண்டும். தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. மேயர்கள் தேர்வானது மார்ச் 4. ஏப்ரல் முதல் தேதியே சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு வரை. நிதி ஆணையத்தின் நிபந்தனையை அரசே காரணமாகச் சொன்னது. ஓட்டுக் கேட்டுப் போன தெருவில் நன்றி சொல்லி முடிப்பதற்குள் வரியை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டிய நிலை புதிய கவுன்சிலர்களுக்கு. ஆனாலும் இந்த நிபந்தனையைக் குறை சொல்வது எளிதல்ல. பல ஆண்டுகள் தொடாமல் விட்ட வரியை எந்த மன்றமும் தானாக உயர்த்தாது; சொந்த வருமானம் இல்லாத உள்ளாட்சி என்றைக்கும் கையேந்தித்தான் நிற்கும்.

தேர்தலோடு மானியத்தைப் பிணைத்ததும் இப்படி இரு முனை கொண்டது. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததைச் சொல்லி ஒன்றிய அரசு மானியத்தை நிறுத்திவைத்தது. கொள்கை சரி. ஆனால் தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் கோட்டையில் இருந்தார்கள். குறைந்த பணத்தில் தெருவிளக்கும் குழாயும் பார்க்க வேண்டியிருந்தது ஊர்.

மானியத்தின் பெரிய கோளாறு தலைப்பில் இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், குப்பை, காற்று என்று தலைப்புகள் தில்லியில் எழுதப்படுகின்றன. பீர்க்கன்கரணையின் முதல் தேவை என்ன என்று அங்குள்ளவர்களைக் கேட்டால், மழைநீர் வடிகால் என்ற பதில் அடிக்கடி வரும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பீர்க்கன்கரணை ஏரி, பக்கத்தில் இரும்புலியூர் ஏரி, அப்பால் அடையாற்றுப் படுகை என்று நீர் ஓடிய நிலத்தில் மனைப்பிரிவுகள் எழுந்த பகுதி இது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. ஆனால் 2015இல் தொடங்கிய முதல் அம்ருத் திட்டத்தில் தனிப் பிரிவாக இருந்த மழைநீர் வடிகால், 2021 அக்டோபரில் வந்த அம்ருத் 2.0இல் அந்த இடத்தை இழந்தது. நீர்நிலைச் சீரமைப்போடு ஒட்டிய அளவில்தான் இப்போது இடம். வடிகால் அனுமதிக்கப்பட்ட காலத்தில் பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை திட்டத்துக்கே வெளியே நின்றது, ஏனெனில் அது லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கானது. பக்கத்துத் தாம்பரமும் பல்லாவரமும் உள்ளே இருந்தன. தகுதி வந்தபோது தலைப்பு போய்விட்டது.

இதை ஒரு தெருவில் வைத்துப் பார்க்கலாம். பேரூராட்சிக் காலம் முழுவதும் இங்கே பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும். லாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த, இருட்டிய பிறகு ஒரு பி.வி.சி. குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுவது புறநகர் முழுவதும் உள்ள வழக்கம். ஆகவே மழைநீர் வடிகாலில் ஓடுவது கழிவுநீர். அந்த வடிகால் போய்ச் சேரும் ஏரியில் மிதப்பது ஆகாயத்தாமரை. பாதாளச் சாக்கடை, வடிகால், ஏரி மூன்றும் ஒரே பிரச்சினையின் மூன்று முகங்கள். கணக்கிலோ முதலாவது அம்ருத், இரண்டாவது மாநில நிதி அல்லது மாநகராட்சிப் பொது நிதி, மூன்றாவது பெரும்பாலும் நீர்வளத் துறை. ஒன்றுக்குப் பணம் வரும் ஆண்டில் மற்றதற்கு வராது. குழாய் பதிக்கத் தோண்டிய தெருவை மூடி, சாலை போட்டு, பில் பாஸ் ஆன பிறகு வடிகாலுக்கு டெண்டர் வரும், மறுபடி தோண்டுவார்கள்.

காலண்டரும் ஒத்துழைப்பதில்லை. அம்ருத் 2.0இல் ஒன்றியப் பங்கு 20, 40, 40 என்று மூன்று தவணைகளில் வருகிறது. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்தது. நிதியாண்டு முடிவதோ மார்ச்சில். எஸ்டிமேட், மன்றப் பொருள், டெண்டர், ஒர்க் ஆர்டர் என்று கோப்பு நகர்ந்து, பொக்லைன் தெருவுக்கு வரும்போது ஆவணி பிறந்திருந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாலை வெட்டை நிறுத்தச் சொல்லும் உத்தரவு குறுக்கே வரும். வடமாநிலங்களின் தென்மேற்குப் பருவமழைக்கு ஏற்ற காலக்கணக்கு, ஐப்பசியில் மூழ்கும் ஊருக்குப் பொருந்துவதில்லை. பயன்பாட்டுச் சான்றிதழும் விசித்திரமான ஆவணம்: இவ்வளவு பணம் வந்தது, இன்ன வேலைக்கு இவ்வளவு செலவானது, மீதி இவ்வளவு என்று சொல்லும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சொல்லாது. மோட்டார் வாங்கத் திட்டத்தில் பணம் உண்டு. அந்த மோட்டாரின் மின் கட்டணத்தை மாநகராட்சிதான் ஆண்டாண்டாகச் சுமக்க வேண்டும்.

இணைப்பு வேறொரு கணக்கையும் மாற்றியது. அம்ருத் 2.0 விதிப்படி லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள ஊருக்கு ஒன்றிய அரசு திட்டச் செலவில் பாதியைத் தரும். ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒன்று. அதற்கு மேல் கால் பங்கு. தனிப் பேரூராட்சியாகவே இருந்திருந்தால் குடிநீர்த் திட்டத்துக்குப் பாதி கிடைத்திருக்கும். மாநகராட்சியின் பகுதி என்பதால் மூன்றில் ஒன்றுதான். இதை வைத்து இணைப்பே தவறு என்று சொல்லிவிட முடியாது. அம்ருத்தில் கழிவுநீர்ப் பணிக்கான நிதி முதல் கட்டத்திலிருந்தே உள்ள ஐந்நூறு நகரங்களுக்கு மட்டுமே என்பதால், தனி ஊராக நின்றிருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்காது. பெரிய திட்ட அறிக்கை எழுதும் பொறியாளர்களும் சிறு பேரூராட்சியில் கிடையாது. விலை கொடுத்து வாங்கிய பலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திட்டமிடல் யார் கையில் என்பது அடுத்த கேள்வி. அம்ருத் 2.0 ஒவ்வொரு நகரத்தையும் முதலில் நீர் இருப்புக் கணக்கும், பிறகு நீர் செயல்திட்டமும் தயாரிக்கச் சொல்கிறது. எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு வீணாகிறது, எவ்வளவு கழிவாகிறது என்று எழுதிப் பார்க்கச் செய்வது நல்ல பழக்கம். ஆனால் நடைமுறையில் இவற்றைத் தயாரிப்பது பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்கள். வார்டு உறுப்பினர் அதை முதலில் பார்ப்பது மன்றப் பொருளாக, ஒப்புதலுக்கு வரும் நாளில்.

அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் இதற்கு நேர் எதிர் வழியில் போகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு ஒருங்கிணைந்த திட்டம், ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம், ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பொது விசாரணைக் கூட்டங்கள், வரைவுத் திட்டத்தின் மீது மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். பணத்தில் குறைந்தது 70 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருமானத்தாருக்குப் பயன்பட வேண்டும். திட்டமிடல், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புகளுக்குள் நடைபாதையா, வீட்டுப் பழுதா, வடிகாலா என்பது நகரத்தின் விருப்பம். அங்கும் கூட்டங்களுக்கு வருவோர் குறைவு என்ற புகார் பழையது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் மானியத்தின் மதிப்பு பல பத்தாண்டுகளாகத் தேய்ந்து வந்திருக்கிறது. எங்கே செலவழிப்பது என்பதை நகரத்திடம் விட்டுவிட்டால், தொகையைக் குறைக்கும்போது வாஷிங்டனில் கேட்பார் இல்லை. ஆனாலும் அங்கே மக்கள் பேச்சு திட்டத்துக்கு முன்னால் வருகிறது, இங்கே பின்னால்.

இங்கே அதற்கான சட்டம் இல்லாமல் இல்லை. 2005இல் வந்த ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம், மானியம் வேண்டுமென்றால் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்றுங்கள் என்று நிபந்தனை போட்டது. தமிழ்நாடு 2010இல் தன் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. விதிகள் வந்தது 2022இல். நிபந்தனைக்காக இயற்றிய சட்டம் நிபந்தனை தீர்ந்ததும் பன்னிரண்டு ஆண்டு உறங்கியது. விதிகள் வந்தபின் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் நடந்ததும் இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். கிராம சபைக்கு இணையாக நகரத்தாருக்கு ஒரு மேடை கிடைத்தது சின்ன விஷயமல்ல. ஆனால் பகுதி சபை உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்கள், தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்ல. அங்கே எழும் கோரிக்கைக்கும் நிதி ஆணைய மானியத்துக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் விதியில் வைக்கப்படவில்லை. தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குடிநீர் நேரம் என்று மனுக்கள் குவிகின்றன. வார்டுக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் கேட்பதும் வேறாக இருக்கும்.

அந்தத் தொகையைச் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் கணக்கெழுதும் முறையே ஒரு காரணம். நிதி ஆணையத்தின் நிபந்தனைப்படி இணையத்தில் ஏற்றப்படும் ஆண்டுக் கணக்கு முழு மாநகராட்சிக்கும் சேர்த்து ஒன்று. அதில் சம்பளம் உண்டு, குடிநீர் உண்டு, மூலதனச் செலவு உண்டு. வார்டு என்ற பிரிவு இல்லை. பேரூராட்சியாக இருந்தவரை, எவ்வளவு சிறியதானாலும், பீர்க்கன்கரணைக்கு என்று ஒரு வரவு செலவு இருந்தது. இப்போது அது ஏழு லட்சம் பேரின் கணக்கில் கரைந்திருக்கிறது. 15ஆவது ஆணையத்தின் காலம் 2026 மார்ச் வரை. அந்த ஐந்தாண்டு மானியத்தில் எத்தனை ரூபாய் இந்த ஊரின் தெருக்களில் இறங்கியது என்பதை வெளியிடப்பட்ட ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து யாரும் கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பணிக்கும் ஒர்க் ஆர்டரில் தெருப் பெயர் இருக்கிறது. அதை வார்டு வாரியாகத் தொகுத்துப் பகுதி சபையில் வாசிக்க ஒன்றிய அரசின் அனுமதியோ புதுச் சட்டமோ தேவையில்லை. மாநகராட்சியின் ஒரு தீர்மானம் போதும்.