முதலில் வந்த இரண்டாம் எண் கார்

1909 ஜூன் 1. அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் வாஷிங்டனில் இருந்தபடி ஒரு தந்திச் சாவியை அழுத்த, நியூயார்க் நகர மன்றத்தின் முன்னிருந்து கார்கள் புறப்பட்டன. எல்லைக்கோடு சியாட்டில். தூரம் 4,000 மைலுக்கும் மேல். செயின்ட் லூயி வரை வேகக் கட்டுப்பாடு, பந்தயமே அதற்கப்பால்தான். அங்கோ சாலை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை.

களத்தில் அக்மி, ஷாமட், இத்தாலா போன்ற கனத்த கார்கள். அவற்றுக்கு நடுவே இரண்டு ஃபோர்டு மாடல் டி. சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத, வெறும் 20 குதிரைத்திறன் வண்டி! ஆட்டத்தைத் தீர்மானித்தது குதிரைத்திறன் அல்ல, எடை. வனேடியம் கலந்த உறுதியான எஃகு, பாகங்களை மெலிதாக்க இடம் கொடுத்தது. வண்டி சுமார் 550 கிலோதான். சேற்றில் புதைந்தால் இறங்கித் தள்ளலாம், தூக்கலாம். கியரும் மிதிகளில் இருந்ததால் முன்னும் பின்னும் மாற்றி மிதித்து, ஊஞ்சலாட்டுவது போல் ஆட்டிக் குழியிலிருந்து வெளியேறலாம். அதே குழியில் ஷாமட் இறங்கினால் கதை வேறு.

ஸ்காட்டும் ஸ்மித்தும் ஓட்டிய இரண்டாம் எண் ஃபோர்டு, 22 நாள் 55 நிமிடத்தில் சியாட்டிலை எட்டியது. ஷாமட் வந்து சேர மேலும் 17 மணி நேரம் ஆனது. ஹென்றி ஃபோர்டே நேரில் நின்று வரவேற்றார், விளம்பரங்கள் பறந்தன.

பிறகுதான் குட்டு உடைந்தது. வழியில் என்ஜினை மாற்றியிருக்கிறார்கள்! விதிப்படி அது கூடாது. சில மாதங்கள் கழித்து வெற்றி ரத்தாகி, கோப்பை ஷாமட்டுக்குப் போனது. தீர்ப்பு சரியானதே. ஆனால் தீ விபத்தில் ஆலையைப் பறிகொடுத்திருந்த ஷாமட் நிறுவனம் அதற்குமேல் எழவே இல்லை. ஃபோர்டோ அந்த விளம்பரத்தின் பலனை ஏற்கெனவே அறுவடை செய்துவிட்டது.

1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸி பொருத்தும் வேலை, அடுத்த ஆண்டே 93 நிமிடமாகச் சுருங்கியது. மாடல் டியின் 850 டாலர் விலை 260 வரை இறங்கியது. 1927க்குள் ஒன்றரைக் கோடி கார்கள்.

பந்தயக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மலிவான வண்டி, எங்கும் கிடைக்கும் பாகங்கள். செவர்லே சகோதரர்கள் ஃபோர்டு என்ஜினுக்கென்றே 'ஃபிரான்டனாக்' சிலிண்டர் ஹெட் செய்து விற்றார்கள். அதைப் பொருத்திய ஒரு 'டி', 1923 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. இந்த முறை யாரும் ஆட்சேபிக்கவில்லை.